பதினொரு தலைகள்

நிலோஃபர் மேடம் கைக்கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார்; கீக் என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். இனி இருபது நிமிஷத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது, கையை நீட்டிக் காட்டக் கூடாது, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சொல்லியிருக்கலாம் என்று அஞ்சலாட்சி நினைத்தாள். தார் ரோட்டில் மேடம் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியபோதே சொல்லியிருக்கலாம், ஆனால் அப்போது அவர் சிரித்துக்கொண்டே, "என்னக்கா, இன்னிக்கும் பதினொண்ணு காட்டுவீங்களா" என்று கேட்டுவிட்டார், சிரிக்கிற முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது. வரப்பில் நடந்து வரும்போது சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தும் விட்டாள், "மேடம், போன ஞாயித்துக்கிழமை" என்பதற்குள் அவருக்குக் கால் சேற்றில் வழுக்கி, இவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது. வேலிக்காத்தான் அடியில் உரச்சாக்கை உதறி விரித்தபோது சொல்லியிருக்கலாம், அப்போது ஒன்றுமே தடுக்கவில்லை, இரண்டு பேரும் சும்மாதான் நின்றிருந்தார்கள், தடுத்தது தன் நாக்குதான். இப்போது அந்தக் கடிகாரம் வாயைக் கட்டிவிட்டது. ஒருவகையில் நிம்மதி. இருபது நிமிஷத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெறும் டீயைக் குடித்துவிட்டு வந்தாள், அடுப்பை அணைத்தோமா, அணைத்திருப்போம், குமிழைத் திருப்பிய நினைவு இருக்கிறது, ஆனால் அது நேற்றைய நினைவாகவும் இருக்கலாம், தினமும் ஒரே குமிழ், ஒரே திருப்பு, இன்றைக்குத் திருப்பியது எது நேற்றைக்குத் திருப்பியது எது என்று எதை வைத்துச் சொல்வது.

எதிரே கழுவெளி கிடந்தது. கடலிலிருந்து ஏறி வருகிற உப்புத்தண்ணீரும் மழைத்தண்ணீரும் சேர்ந்து நிற்கிற சதுப்பு, பார்வை போகிற மட்டும் தண்ணீரும் கோரையும். இந்த மூலையில் மட்டும் உப்பு குறைவு, ஏரித் தண்ணீர் வந்து விழுகிற இடம், அதனால் பாலாமை என்கிற நன்னீர் ஆமை இங்கேதான் இருக்கும் என்று, ஆமைகளை ஆராய வந்த மேடம் கண்டுபிடித்து வைத்திருந்தார். கழுவெளியைச் சுற்றி ஏழு இடம், இடத்துக்கு ஒரு ஆள், எல்லாரும் ஊர்க்காரர்கள், எல்லாரும் தாங்களாக வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உட்கார்ந்து, மூச்சு வாங்க மேலே வருகிற ஆமைத் தலைகளை எண்ண வேண்டும். கடிகாரம் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கத்தும். கத்தியதும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம்வரை கண்ணை ஒரே ஓட்டமாக ஓட்டி, அந்த ஒரு ஓட்டத்தில் எத்தனை தலை தெரிகிறதோ அதைக் கட்டத்தில் எழுத வேண்டும். நாலு கட்டம். ஒன்றும் தெரியாவிட்டால் சுழி போட வேண்டும். இதை மேடம் பயிற்சி நாளில் மூன்று தடவை சொன்னார்: "சுழி போடறதுக்கு வெக்கப்படாதீங்க. காலியா மட்டும் விடாதீங்க. காலியா இருந்தா நீங்க பாக்கலைன்னு அர்த்தம். சுழின்னா பாத்தீங்க, இல்லைன்னு அர்த்தம்." அஞ்சலாட்சி அதைக் கேட்டுத் தலையாட்டினாள், அப்புறம் ஆறு வாரமும் சுழி, ஒன்று, சுழி, இரண்டு என்று ஒழுங்காக எழுதினாள், அந்த ஒழுங்கு போதாதா, யார் கேட்டார்கள் அவளைப் பதினொன்று எழுதச் சொல்லி.

முதல் ஓட்டம் ஓட்ட வேண்டும், மேடம் ஓட்டிக்கொண்டிருக்கிறார், கடைக்கண்ணில் அவர் தலை மெல்லத் திரும்புவது தெரிகிறது. அஞ்சலாட்சி இடப்பக்கக் கோரையிலிருந்து ஆரம்பித்தாள். சூரியன் நேர் எதிரே. இந்த நேரத்தில் தண்ணீருக்கு மேல் நிற்கிற எதுவும் கறுப்புதான், கொக்கும் கறுப்பு, கோரையும் கறுப்பு. தண்ணீர் தகரம் போல மின்னியது. அந்த மின்னலுக்கு நடுவில், இரண்டு கோரைத் திட்டுக்கும் இடையில், கறுப்பாக ஒன்று. பக்கத்தில் ஒன்று. மூன்று. நாலு. ஐந்து, ஆறு, ஏழு. பாவி, போட்டுவிட்டான். எட்டு, கோரை ஓரத்தில் ஒன்பது, மீதி இரண்டும் கோரைக்குள் மறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை போட மாட்டேன் என்று சொன்னானே. மேடத்தின் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டது, ஒரே ஒரு கீறல். சுழியா, ஒன்பதா, சத்தத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, இரண்டுமே வளைவுதான். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அஞ்சலாட்சியின் பேனா முதல் கட்டத்துக்கு மேல் நின்றது, அப்படியே நின்றது.

அவை தலைகள் அல்ல. செருப்பு. அவள் கொழுந்தன் வேலாயுதத்தின் வலைக்குக் கட்டிய தக்கைகள், பழைய ரப்பர் செருப்பைத் துண்டு போட்டு நைலான் கயிற்றில் கோத்தவை. போன ஞாயிற்றுக்கிழமை இதே வெளிச்சத்தில் இதே இடத்தில் பதினொன்றைப் பார்த்தாள், பார்த்ததும் நெஞ்சு நிரம்பிப் போய் எழுதினாள், அவசரத்தில் இரண்டாவது ஒன்று வளைந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் துணி எடுக்கப் போனபோது கொழுந்தன் வீட்டு வேலியில் வலை காய்ந்துகொண்டிருந்தது. எண்ண வேண்டும் என்று எண்ணவில்லை, கண் தானாக ஓடியது, இடமிருந்து வலம், ஒரே ஓட்டம். பதினொன்று. அதில் ஒன்றில் பெருவிரல் அழுந்திய பள்ளம் இருந்தது. அது அவளுடைய செருப்பு. பொங்கலுக்கு முன்னால், "வார் அறுந்த செருப்பு கெடந்தா குடு அண்ணி" என்று அவன் கேட்டு, இவள்தான் கூரை எரவாணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தன் செருப்பைத் தானே ஆமை என்று எண்ணி எழுதியிருக்கிறாள். உலகத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா. அன்றைக்கே அவனிடம் கேட்டாள், சத்தம் போடாமல்தான் கேட்டாள், எண்ணுகிற மூலையில் யாரும் வலை போடக் கூடாது என்று ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்டதுதானே, நீயும் கையெழுத்துப் போட்டாயே என்று. அவன் பீடியை ஒதுக்கிவிட்டுச் சிரித்தான். "ஏன் அண்ணி, நாலு கெண்டைக்கு வலை போட்டா ஆமைக்கு என்னா நோவுது? நான் என்னா அதுங்க ரேஷன் கார்டையா புடுங்கிட்டேன்?" என்றான். "நான் எண்ணுற எடம் தம்பி" என்றாள். "சரி டீச்சரம்மா, ஞாயித்துக்கிழமை போடல, உன் புள்ளைங்களுக்கு நீ அட்டெண்டன்ஸ் எடு" என்றான். செருப்பை எண்ணியதை அவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாகிறவரை சொல்லிச் சிரிப்பான்.

கீக். ஐந்து நிமிஷம் ஆகிவிட்டதா. முதல் கட்டம் காலியாக இருக்கிறது. எழுது, என்னவாவது எழுது. மேடம் இரண்டாவது ஓட்டம் ஓட்டுகிறார், இந்தத் தடவை கொஞ்சம் நிதானமாக. ஒன்பது என்று எழுதினால் என்ன. மேடமும் ஒன்பது எழுதியிருந்தால் இரண்டும் ஒத்துப்போகும், பதினொன்றுக்குப் பக்கத்தில் ஒன்பது நிற்கும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், மேடம் நாளைக்கு இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய் அதிகாரிகளிடம் இந்த மூலையில் மோட்டார் படகு விடாதீர்கள் என்று கேட்கப் போகிறாராம், நல்ல காரியம்தானே, நல்ல காரியத்துக்கு ஒரு எண் கூடக் குறைய இருந்தால் என்ன. ஆனால் கேட்பார்கள். எங்காவது யாராவது கேட்பார்கள். இந்த விடை எப்படி வந்துச்சு. அப்படித்தான் கேட்டார் கணக்கு சார், ஏழாவதில், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே, கோபம் இல்லாமல், சாதாரணமாக. அஞ்சலாட்சியின் விடை சரி. வகுப்பில் இரண்டே பேருக்குத்தான் விடை சரி, அவளுக்கும் பக்கத்தில் இருந்த மலர்க்கொடிக்கும். "வா, வந்து போட்டுக் காட்டு, எப்படி வந்துச்சு?" சாக்பீஸை வாங்கிக்கொண்டு நின்றாள். விடையை எழுதினாள். அதற்கு மேலே எழுத ஒன்றும் இல்லை. பலகை முழுக்கக் காலி, கீழே ஒரு ஓரத்தில் சரியான விடை. பின்னால் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சார் அடிக்கக்கூட இல்லை. "போய் உக்காரு" என்றார். மறுநாள் வயிற்றுவலி என்றாள். அதற்கு மறுநாள் அம்மா உப்பளத்துக்குப் போக வேண்டியிருந்தது, தம்பிக்குக் காய்ச்சல், வீட்டில் ஆள் வேண்டும். அதற்கும் மறுநாள் யாரும் கேட்கவில்லை. யாராவது ஒருத்தர் ஏன் போகலை என்று கேட்டிருந்தால் போயிருப்பாள் என்று பல வருஷம் நினைத்திருக்கிறாள். இப்போது அப்படி நினைப்பதில்லை. போயிருக்க மாட்டாள்.

அதனால்தான் இந்தப் பரீட்சை அட்டையை மேடம் கையில் கொடுத்தபோது, மேலே இரும்புக் கிளிப்பு, அதில் அச்சடித்த காகிதம், பெயர் எழுத ஒரு கோடு, அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அது ஏழு வருஷப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கிடைக்காத சாமான். நாற்பத்தாறு வயதில் கிடைத்தது. அதை வீட்டுக்குள் வைக்கக்கூடப் பக்கத்துத் தெரு நாத்தனார் விடவில்லை. "ஆமை வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னா, ஆமைக் கணக்கு மட்டும் வரலாமா? வெளிய மாட்டுடி" என்றாள். அட்டை பிளாஸ்டிக் பைக்குள் போய் வாசல் முருங்கையில் தொங்குகிறது, மழை பெய்தால் இவள் ஓடிப் போய்த் தொட்டுப் பார்க்கிறாள். நாத்தனார் சொல்வதை நம்புகிறவள் அல்ல அஞ்சலாட்சி. ஆனால் திங்கட்கிழமையிலிருந்து நம்புகிறாளோ என்று அவளுக்கே சந்தேகம். இல்லாத பதினொரு ஆமையை எழுதி வைத்தால் அவை எங்கே போகும். எழுதியவள் வீட்டுக்குத்தானே வரும். நேற்று சாயங்காலம் பெண் பிருந்தா சென்னையிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள், இவள் எடுக்கவில்லை, திரும்பக் கூப்பிட்டால் அவள் எடுக்கவில்லை. ட்யூட்டியாக இருக்கும். எதற்கு இரண்டு தடவை கூப்பிட்டாள். ஒரு தடவை என்றால் சும்மா. இரண்டு தடவை என்றால் ஏதோ. அடுப்பு. குமிழைத் திருப்பினோம். வீட்டுக்காரர் உப்பளத்துக்குப் போய்விட்டிருப்பார், வீட்டில் ஆள் இல்லை. போன ஞாயிறு மத்தியானம் குரூப்பில் மேடம் குரல் அனுப்பியிருந்தார், "எல்லாருக்கும் வணக்கம், நம்ம அஞ்சலாட்சி அக்கா பாயிண்ட்ல பதினொண்ணு, இதுவரைக்கும் எங்கயுமே வராத நம்பர்," அந்தக் குரலில் மூச்சு வாங்கியது, அவ்வளவு சந்தோஷம், அதை அவள் வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டினாள், அவர் சோறு பிசைந்துகொண்டே, "பரவால்லியே, உனக்கும் ஒரு நம்பர் வந்துடுச்சு" என்றார், கிண்டலாகத்தான், ஆனால் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அன்றைக்கு ராத்திரிக்குள் ஏழெட்டு தடவை கேட்டிருப்பாள். திங்கட்கிழமைக்கு அப்புறம் அதைத் தொடவில்லை, அழிக்கவும் இல்லை.

மேடம் லேசாக அசைந்தார். மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். சந்தேகப்படுகிறாரா. செருப்பு முங்காதே. ஆமைத் தலை வரும், நிற்கும், முங்கும். வேறு இடத்தில் வரும். இவை ஏழு மணியிலிருந்து அதே இடத்தில் அதே இடைவெளியில் நின்றுகொண்டிருக்கின்றன, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல, இதைப் போன வாரம் ஏன் யோசிக்கவில்லை, யோசிக்காமல் இல்லை, யோசித்தாள், ஒரு ஓரத்தில் என்னவோ உறுத்தியது, அதைத் தள்ளிவிட்டுத்தான் எழுதினாள். அதுதான் உண்மை. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. இந்த வாரம் சுழி, அடுத்த வாரம் சுழி என்று எத்தனை சுழி போடுவது, ஒரு தடவையாவது நம் கட்டத்தில் நாலு பேர் பார்க்கிற மாதிரி ஒரு எண் இருக்கட்டுமே என்று இருந்தது. கீக். பத்து நிமிஷம். மேடத்தின் பேனா இந்தத் தடவை உடனே கீறவில்லை. அஞ்சலாட்சி கண்ணை ஓட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழு இல்லை.

ஏழு இல்லை. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் தண்ணீர் வெறுமனே மின்னியது. கண்ணைக் கொட்டிவிட்டுப் பார்த்தாள். ஏழு வந்தது, பாதி வந்தது, சாய்ந்து மறுபடி உள்ளே போனது. அதை இழுத்துக்கொண்டு ஆறும் எட்டும் நெருங்கி வந்தன. வலையில் என்னவோ விழுந்திருக்கிறது. கெண்டை. கெண்டையாக இருக்கும், இல்லாவிட்டால் கெளுத்தி. கெண்டை விழுந்தால் தக்கை துடிக்கும், படபடவென்று துடித்து ஓயும், கல்யாணமான புதிதில் மாமனாரோடு போய் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். இது துடிக்கவில்லை. இழுக்கிறது. நிதானமாக, பாரமாக, கீழ்நோக்கி இழுக்கிறது, விடுகிறது, இழுக்கிறது. பயிற்சி நாளில் மேடம் ஒரு படம் காட்டினார், வலையில் கழுத்து மாட்டிய ஆமை, செத்தது, அது தண்ணீருக்குள்தானே மேடம் இருக்கிறது அப்புறம் எப்படிச் சாகும் என்று இவள்தான் கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள், மேடம் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விக்கா. அதுக்கும் நம்மள மாதிரி நுரையீரல்தான். மேல வந்துதான் மூச்சு விடணும். சும்மா கெடந்தா ரொம்ப நேரம் தாங்கும். மாட்டிக்கிட்டுப் போராடுச்சுனா சீக்கிரம் மூச்சு போயிடும்." சீக்கிரம் என்றால் எவ்வளவு. ஒரு கணக்கு சொன்னார். அரை மணியா, கால் மணியா. சொன்னார், எழுதிக்கூட வைத்தாள், அந்த நோட்டு முருங்கையில் தொங்குகிற பையில் இருக்கிறது. எப்போது மாட்டியது. இப்போதா. ஐந்து நிமிஷத்துக்கு முன்னாலா, அந்த ஓட்டத்தில் அவள் கண் ஓட்டவே இல்லையே, கணக்கு சாரைப் பார்த்துக்கொண்டிருந்தாளே.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வேண்டும் என்று பிடிக்கவில்லை. ஏழு உள்ளே இருக்கிறது. இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. பத்து நிமிஷம் முடிந்ததும் எழுந்து, மேடம், அங்கே வலை மாதிரி தெரிகிறது என்று இப்போதுதான் கண்டவள் போலச் சொல்லலாம். மீன் என்றால் மீனோடு போயிற்று. ஆமை என்றாலும் தாங்கும், சும்மா கிடந்தால் தாங்கும், சும்மா கிட, அம்மா, இழுக்காதே, சும்மா கிட. அது இழுத்தது. எட்டும் உள்ளே போய் வந்தது. இப்போது வாயைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தைதான் வரும், அது தக்கை என்று வரும், தக்கை என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், தெரியும் என்றால் போன வாரம் என்ன எழுதினாய் என்று கேட்பார்கள், எப்படி வந்துச்சு, பதினொண்ணு எப்படி வந்துச்சு, போட்டுக் காட்டு, பலகை முழுக்கக் காலி, வேலாயுதம் ஊரில் தலைகுனிந்து நிற்பான், காட்டிக்கொடுத்துட்டியே அண்ணி என்பான், அட்டையை வாங்கிக்கொள்வார்கள், குரூப்பிலிருந்து பெயர் போகும், அக்கா என்று கூப்பிட்ட வாய் இனி என்ன கூப்பிடும். நெஞ்சு இறுகியது. பல்லைக் கடித்தாள். கண்ணுக்கு முன்னால் சின்னச் சின்னப் புள்ளிகள். அவள் பிடித்த மூச்சு ஒரு நிமிஷம்கூட இருக்காது, அதற்குள் இவ்வளவு எரிகிறது. தாங்க முடியாமல் விட்டாள். விட்டதும் காற்று தானாக உள்ளே வந்தது, எவ்வளவு சுலபமாக வந்தது, வாயைத் திறந்தால் போதும், வந்துவிடுகிறது.

"மேடம், அது செருப்பு" என்றாள்.

நிலோஃபர் மேடம் விதியை மறந்து திரும்பிப் பார்த்தார், உதட்டில் விரலை வைக்கப் போனார். "ஆமைத் தல இல்ல மேடம். வலைத் தக்கை. செருப்பை அறுத்துக் கட்டுனது. போன வாரமும் அதான். நான் செருப்பத்தான் எண்ணி எழுதிட்டேன். அதுல ஒண்ணு என்னுதுதான். வலையில ஏதோ மாட்டியிருக்கு, மீன் இல்ல, மீன் இப்படி இழுக்காது." கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, அட்டையைச் சாக்கின் மேல் போட்டுவிட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு, அப்புறம் தொடைக்கு. அடியில் சேறு காலைப் பிடித்தது. பின்னால் மேடம் இறங்கும் சத்தம் கேட்டது. "எந்தப் பக்கம்க்கா?" "நீங்க வராதீங்க மேடம், புதைமண்ணு, என் பின்னாலயே வாங்க" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னாள். மேல்கயிறு கையில் சிக்கியது. இழுத்துக்கொண்டே நகர்ந்தாள், ஐந்து, ஆறு, ஏழாவது தக்கை கைக்கு வந்தது, நாறியது, சேற்றில் ஊறிய ரப்பர். அதற்குக் கீழே பாரம். வலையோடு சேர்த்துத் தூக்கினாள்.

முதலில் வெறும் சேற்றுருண்டை போலத்தான் இருந்தது. அப்புறம் மழமழவென்று பழுப்பு முதுகு தெரிந்தது. நைலான் இழை கழுத்தில் இரண்டு சுற்று, முன்னங்காலில் ஒரு சுற்று. கழுத்து தொங்கியது. மேடம் பக்கத்தில் வந்து வலையைத் தாங்கிப் பிடித்தார். அஞ்சலாட்சி வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி இழைக்கு அடியில் விட்டு நெம்பினாள், முதல் சுற்று வந்தது, இரண்டாவது தோலுக்குள் இறங்கியிருந்தது, நெம்ப நெம்ப இறுகியது, பல்லால் கடித்து அறுத்தாள், உப்பும் சேறும் வாயில் கரித்தது. "உசுரு இருக்கா மேடம்?" மேடம் அதன் தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். மூக்கிலிருந்து தண்ணீர் வடிந்தது. ஒரு கொக்கு எங்கோ கத்தியது. மேடத்தின் கையில் இருந்த கடிகாரம் இரண்டு பேருக்கும் நடுவில் கீக் என்றது, யாரும் கண்ணை ஓட்டவில்லை. அப்புறம் அந்தக் கழுத்து மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது, வால் பக்கத்துத் தோல் மடல்கள் மூடின, ஒரு சீறல், இவள் விரலைக் கடிக்க வந்தது. "கடிக்குதுக்கா" என்றார் மேடம், குரலில் அந்தப் பழைய மூச்சிரைப்பு.

கரைக்கு வந்து உரச்சாக்கில் அதை வைத்துப் பார்த்தார்கள். இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று அஞ்சலாட்சி அவர் முகத்தைப் பார்க்காமல் புடவையைப் பிழிந்தாள். மேடம் தன் காகிதத்தை எடுத்து நீட்டினார். முதல் கட்டத்தில் ஒன்பது. இரண்டாவதில் ஒன்பது, பக்கத்தில் கேள்விக்குறி. மூன்றாவதில் வெறும் கேள்விக்குறி. "எனக்கும் முதல்ல தலைன்னுதான் தோணுச்சு. ரெண்டாவது தடவை ஒண்ணுகூட முங்கலையேன்னு இருந்துச்சு. வலையில செருப்பு கட்டுவாங்கன்னு எனக்கு யாரும் சொன்னதில்லக்கா." பிறகு இவளுடைய அட்டையைப் பார்த்தார். நாலு கட்டமும் காலி. அஞ்சலாட்சி பேனாவை எடுத்தாள். "பாத்தோம்ல மேடம்" என்றாள். "பாத்தோம்." "ரெண்டாவது தடவ நான் சரியா பாக்கல மேடம்." "அப்ப அத காலியா விடுங்க." சுழி, காலி, சுழி. நாலாவது கட்டத்துக்கு வந்ததும் சாக்கின் மேல் கிடந்ததைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். மேடம் தலையை ஆட்டினார். "இது தலையையே மேல காட்டலியேக்கா. கடிகாரம் கத்துனப்ப நாம எண்ணவும் இல்ல. அதுவும் காலிதான்." முழு ஆமை முன்னால் கிடக்க அந்தக் காகிதத்தில் ஓர் ஆமைகூட இல்லை. மேடம் கோப்பைப் புரட்டிப் போன வாரத்துக் காகிதத்தை எடுத்து இவள் மடியில் வைத்தார். வளைந்த ஒன்றோடு அந்தப் பதினொன்று அங்கே இருந்தது. "இதை அடிச்சுடலாம். ஆனா கீழ குறிப்புன்னு இருக்குல்ல, அதுல நீங்களே எழுதிடுங்க. இது எப்படி வந்துச்சுன்னு."

கோபம் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். குறிப்புக்கு மூன்று கோடு விட்டிருந்தார்கள். ஈரக் கையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு அஞ்சலாட்சி எழுதினாள், ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய. வெயில் கண்ணுக்கு நேராக இருந்தது. வலைத் தக்கையைத் தலை என்று எண்ணிவிட்டேன். தக்கை ரப்பர் செருப்பு, முங்காது. முங்காதது சந்தேகமாக இருந்தும் எழுதினேன். வலை யாருடையது என்று எழுத வேண்டுமா என்று கேட்டாள். அது வேண்டாம், வலை இருந்தது என்று எழுதினால் போதும் என்றார் மேடம். போதாது, அதை மத்தியானம் அவளே அவன் வீட்டு வாசலில் போய் நின்று பேச வேண்டும், அறுத்த இழையையும் சொல்ல வேண்டும், அவன் சிரிக்கப் போகிற சிரிப்பு இப்போதே காதில் கேட்டது. பிருந்தாவைக் கூப்பிட வேண்டும். அடுப்பு. மூன்று கோடும் தீர்ந்து கடைசி வார்த்தை ஓரத்தில் இறங்கி நின்றது.

வலையைச் சுருட்டிக் கரையில் போட்டுவிட்டு, ஆமையை இரண்டு பேருமாக எடுத்துப் போய், கோரை இல்லாத இடத்தில் தண்ணீரில் விட்டார்கள். கொஞ்ச நேரம் அது அப்படியே கிடந்தது. பிறகு சேற்றைக் கலக்கிவிட்டுப் போய்விட்டது. கலங்கல் தெளியும்வரை நின்றார்கள். எட்டாவது தக்கை மிதந்த இடத்துக்கு அந்தப் பக்கம், யாரும் பார்க்காத இடத்தில் வருவது போல, கட்டைவிரல் அளவு ஒரு கறுப்பு மேலே வந்தது. நின்றது. முங்கியது. நேரம் எப்போதோ முடிந்திருந்தது, கட்டத்தில் எழுத முடியாது.

"ஒண்ணு" என்றாள் அஞ்சலாட்சி, சத்தமாகவே.